மயிலாத்தாள் நட்ட தக்காளி

ஜூலை 6, ஞாயிறு

சாயப்பட்டறையில் வருடா வருடம் கொடுக்கிற டைரியில் இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுத வைத்தது தக்காளி. மொட்டைமாடியில் எட்டுப் பைகளில் அம்மா நட்டுவிட்டுப் போன செடிகளில் அடியிலை மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.

நாற்றைப் பைக்கு மாற்றிய அன்று அம்மா கீழே வந்து கை கழுவினாள். “வெயிலு மண்டையப் பொளக்குது” என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது நகக்கண்ணில் மண் இருந்தது. எனவே இது வெறும் தக்காளி இல்லை, அவள் கடைசியாகச் செய்த வேலை. ஒரு செடியாவது காய்க்க வேண்டும். சாக விடமாட்டேன்.

எனக்குச் செடி தெரியாது, நிறம் தெரியும். பட்டறை லேபில் துணிக்கு ஷேடு பார்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டுக்காரன் கேட்ட மஞ்சளும் நாங்கள் ஏற்றிய மஞ்சளும் ஒன்றா இல்லையா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த மஞ்சள் எங்கள் நிற அட்டை எதிலும் இல்லை.

தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணியில் அம்மாவின் அஸ்திப் பானை தொங்குகிறது. வீட்டுக்குள் கொண்டு வரக்கூடாது, தரையிலும் வைக்கக்கூடாது என்றார்கள். அண்ணன் சிவகுருவால் மஸ்கட்டிலிருந்து கொள்ளி வைக்க வர முடியவில்லை. அப்பாதான் வைத்தார். “அஸ்தியயாவது நான் வந்து கரைக்கறேன், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க” என்று வீடியோவில் அழுதான். அவனுக்குப் புரட்டாசி அமாவாசைக்குத்தான் லீவு. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே தண்ணீர் ஊற்றப் பழகிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

உரக்கடைக்கு ஒரு இலையைக் கொண்டுபோனேன். கடைக்காரர் பெயர் பொங்கியண்ணன். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அடியில மட்டும் பழுக்குதுங்களா, கொழுந்துலயுமா?”

“அடியிலதானுங்க.”

“அப்பத் தழைச்சத்து பத்தலீங்க. கடலைப் புண்ணாக்க ஊற வெச்சுத் தெளிவ ஊத்துங்க. தண்ணிய அளவா ஊத்துங்க. செடி குடிக்கோணும், நீச்சலடிக்கக் கூடாது.”

ஊற வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக் கனகமணியக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, “மேனகா, ஏதாச்சும் எலி கிலி செத்துக் கெடக்குதா பாரு கண்ணு” என்கிறார். அவர் வீட்டுக் கருவாட்டுக்கு நாங்கள் என்றைக்காவது மூக்கைப் பொத்தினோமா?

ஜூலை 13, ஞாயிறு

புண்ணாக்குத் தண்ணீர் வேலை செய்கிறது. பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டேன். மேலே நல்ல பச்சை. சந்தோஷத்தில் அப்பாவுக்கு இரண்டு தோசை கூடுதலாக வார்த்தேன்.

அப்பா இப்போது அதிகம் பேசுவதில்லை. பவானியிலிருந்து திருச்சி போகிற பஸ்ஸில் வாழ்நாள் முழுக்கக் கண்டக்டர். ஊர் ஊராகக் கத்தியே பேச்சைத் தீர்த்துவிட்டார் என்று அம்மா கேலி செய்வாள். முட்டி வலி வேறு. மாடிப்படி ஏறிப் பல வருடமாகிறது. இன்று அதிசயமாக வாயைத் திறந்தார்.

“அவ செடிக்கு என்ன போடுவா சாமி?”

“என்னத்தையோ போடுவாங்க. சாம்பல் கெடைச்சா அதையுந் தூவுவாங்க. கேஸ் அடுப்பு வந்ததுலயிருந்து ஒரு புடி சாம்பலுக்கு நாதியில்லாமப் போச்சுன்னு பொலம்புவாங்களே, நெனப்பில்லீங்களா?”

“ஆமாமா” என்று கொஞ்சம் சிரித்தார். அம்மா போனபின் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூலை 19, சனி

மாடிக் கதவோரம் அம்மாவின் நீல ரப்பர் செருப்பு கிடக்கிறது. எடுத்துப் போட மனம் வரவில்லை. எப்போதும் சுவரைப் பார்த்துக் கிடக்கும். இன்று மாடியைப் பார்த்துக் கிடந்தது. காற்றாக இருக்கும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் படையல் போட்டேன். காக்கை வந்து சாப்பிட்டது. அதில் ஒன்றும் குறையில்லை.

மாலையில் தண்ணீர் ஊற்றப் போனால் ஒவ்வொரு செடியின் தண்டைச் சுற்றியும் மண்ணில் விரல் பதிந்திருந்தது. கட்டைவிரல் ஒன்று, எதிரே மூன்று. அம்மா அப்படித்தான் அழுத்துவாள், சுண்டுவிரலை மட்டும் தூக்கிக்கொண்டு. போன மாதத் தடமாக இருக்கும் என்று எழுத நினைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றுகிற மண்ணில் போன மாதத் தடம் எப்படி இருக்கும்?

பூ விட்டிருக்கிறது. அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 29, செவ்வாய்

மறுபடி மஞ்சள். இந்தத் தடவை கொழுந்தில். நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் வெளிறிய மஞ்சள். கோலம் போட்ட மாதிரி இருக்கிறது. பூக்கள் உதிர்கின்றன.

பொங்கியண்ணன் சொன்னார்: “இது வேற சீக்குங்க. இரும்புச் சத்து ஏறல. அன்னபேதி உப்பக் கரைச்சு எலை மேல தெளிங்க. ஆனா மண்ணுல இரும்பு இல்லாமப் போகாதுங்க. ஏதோ ஒன்னு அதப் புடிச்சு வெச்சுக்குது. தண்ணி எந்தத் தண்ணி?”

“போர் தண்ணிங்க.”

“அதான்னு நெனைக்கறேன். குடிக்கற தண்ணிய ஊத்திப் பாருங்க.”

இன்றிலிருந்து எங்களுக்கு வருகிற காவிரித் தண்ணீர் தக்காளிக்கு. எங்களுக்குக் கேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அன்னபேதிக்கு இலை பச்சை கட்டியிருக்கிறது. தேங்காய்ச் சாதம் செய்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன். அப்பா அப்படியே சாப்பிட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 9, சனி

தெளித்த இலை பச்சையாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த கொழுந்து மஞ்சள். தண்ணீரையும் மாற்றியாகிவிட்டது. இன்னும் என்னதான் வேண்டுமாம் இதற்கு?

செருப்பு இன்று ஈரமாக இருந்தது. நான் போடவில்லை. இந்த வீட்டில் அப்பாவும் நானும்தான். அவர் படியேறமாட்டார்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். பெற்றவளே பேயானால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கதவோரம் நின்று, “அம்மா, நீங்களா?” என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். பயமே இல்லை. பட்டறையில் நான் இருக்கிற நேரமாகப் பார்த்து வருகிறாளே, ஒரு தடவை என் கண்ணில் பட்டால் என்ன என்று கோபம்தான் வந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

லேபில் சாயத் தொட்டித் தண்ணீர் காரமா புளிப்பா என்று பார்க்கச் சிறு காகிதம் வைத்திருப்போம். நனைத்தால் நிறம் மாறும். புளிப்புக்குச் சிவப்பு, நடுநிலைக்குப் பச்சை, காரத்துக்கு நீலம். நான்கு துண்டு கொண்டுவந்தேன். குழாய்த் தண்ணீரில் நனைத்தேன், பச்சை. போர் தண்ணீரில் பச்சைக்கு ஒரு படி மேலே. செடி மண்ணைக் கரைத்து அதில் நனைத்தேன், நீலம். சோடா போட்ட சாயத் தொட்டியில்தான் இப்படி நீலம் பார்த்திருக்கிறேன்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பொங்கியண்ணன் கடைக்குப் போனேன்.

“இவ்வளவு காரமா? மண்ணுக்குச் சுண்ணாம்பு கிண்ணாம்பு போட்டீங்களா? சாம்பல் ஏதாச்சும்?”

“எங்க வீட்டுல ஏதுங்க சாம்பல்?”

“ஆராச்சும் போட்டுக்கிட்டே இருந்தாத்தான் இப்படி ஏறுமுங்க. நெனச்சுப் பாருங்க.”

நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். அலமாரியைத் துடைத்தேன். பிறகு மாடிக்குப் போனபோது ஏணிப்பக்கம் கண் போய்விட்டது. பானையின் மஞ்சள் துணி இறுக்கி இரட்டை முடிச்சாகக் கட்டியிருந்தது. அன்று மயானத்தில் ஒற்றை முடிச்சுதான் போட்டார்கள். சரி, யாராவது இறுக்கியிருப்பார்கள். இறங்கி வந்து ரசம் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. நாள் முழுக்க வீட்டில் இருந்தேன். செருப்பு சுவரைப் பார்த்தே கிடந்தது. அப்பா பத்து தடவையாவது கேட்டிருப்பார், “கடைகண்ணிக்கு எங்கீமே போகலியா சாமி?”

ஆகஸ்ட் 21, வியாழன்

பட்டறையில் பாய்லர் கெட்டுவிட்டது. மதியத்துக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கீழே அப்பா இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. செருப்பு இல்லை.

மூன்றாவது பைக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மாவின் செருப்பு அவர் காலில். குதிகால் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மடியில் பானை. டீத்தூள் கரண்டியால் கொஞ்சம் எடுத்தார், தண்டைச் சுற்றித் தூவினார், மண்ணைக் கிளறி மூடினார். கட்டைவிரலாலும் மூன்று விரலாலும் அழுத்தினார். சுண்டுவிரலில் ஒரு தடவை பஸ் கதவு சாத்திக்கொண்டது, அது மடங்காது.

“போதுமா மயிலு? இன்னைக்கு இவ்வளவுதான். நாளைக்கிப் போடறேன்” என்றார்.

நான் சத்தமில்லாமல் இறங்கி, ஈரோடு ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து, அங்கே உட்கார்ந்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு முதலில் வந்தது அருவருப்பு இல்லை, கோபமும் இல்லை. அம்மா வரவேயில்லை என்பதுதான் முதலில் வலித்தது. அந்த விரல் தடத்துக்கு எதிரே எத்தனை நாள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன்!

ஆகஸ்ட் 22, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. மூன்று செடிகள் தலை சாய்ந்துவிட்டன.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அண்ணன் டிக்கெட் போட்டுவிட்டான். இனி பேசாமல் இருக்க முடியாது. காலைப் பலகாரத்துக்குப் பிறகு மாடியிலிருந்து ஒரு இலையையும் ஒரு பிடி மண்ணையும் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தேன்.

“மேல போறீங்களாப்பா?”

அவர் இலையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

“ஒக்காந்து ஒக்காந்து ஒவ்வொரு படியா ஏறுவேன். நீதான சாமி சொன்ன, அவ சாம்பல் போடுவான்னு. கெடைக்க மாட்டீங்குதுன்னு பொலம்புனான்னு. மேல ஒரு பானை நெறையாத் தொங்குது. அவ செடிக்கு அவளே போட்டுக்கட்டும்னு...”

“அண்ணன் வந்து பானையத் தொறந்து பாத்தா?”

“எலும்பு மேல கை வெக்கலம்மா. அது அவனுக்கு. சாம்பல மட்டுந்தான் எடுத்தேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஆத்துல கரைக்க வேண்டியதுங்கப்பா அது. ஊர் ஒலகத்துல செய்யறாப்பல செஞ்சுட்டுப் போறதுக்கென்ன?”

“ஆத்துல உட்டாக் கடலுக்குப் போயிருவா. அவ கடலப் பாத்ததே இல்ல. பொறந்த ஊட்டுக்குப் போறதுன்னாக்கூட நான் ஏத்தியுட்டுச் சீட்டு மேல எடத்தச் சொல்லி உட்டாத்தான் போவா. தனியா ஒரு பஸ்ஸு ஏறுனதில்ல. எங்கீன்னு போய்த் தேடுவா? இங்கயே இருக்கட்டும்னு நெனச்சேன்.”

ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், செடி சாகிறதே. மண்ணைத் தட்டில் கரைத்து, காகிதத்தை நனைத்து, நீலமானதைக் காட்டினேன். காரம் ஏறினால் வேரால் இரும்பை எடுக்க முடியாது, அதனால்தான் கொழுந்து பழுக்கிறது, பூ கொட்டுகிறது என்று பொங்கியண்ணன் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

அப்பா நீலக் காகிதத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். செல்லாத டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

“அப்ப அவ செடிய அவளேவா கொல்றா?”

ஆமாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 3, புதன்

அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. செருப்பு சுவரைப் பார்த்தே கிடக்கிறது. அது மாடியைப் பார்த்துக் கிடந்த நாளெல்லாம் நான் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் வாசலில் ஆட்டோ. செம்மண் மூட்டை, மண்புழு உரம், தேங்காய் நார்த்தூள். அப்பாவே பொங்கியண்ணன் கடைக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

“செடி பொழைக்கோணும். வா.”

வெயில் தாழ்ந்த பிறகு ஆரம்பித்தோம். பையைச் சாய்த்துச் செடியை வேரோடு எடுக்க வேண்டும், வேரைத் தண்ணீரில் அலச வேண்டும், புது மண்ணில் வைக்க வேண்டும். காய்ப்புக்கு வந்த செடியை இப்படிப் பிடுங்கினால் பிழைப்பது பாதிதான் என்று கடைக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

வேர் அலசிய தண்ணீரைக்கூட அப்பா கீழே கொட்ட விடவில்லை. பழைய மண்ணிலேயே ஊற்றச் சொன்னார். பழைய மண்ணெல்லாம் வெள்ளைச் சாக்குகளில். நான் சாக்கைப் பிடித்துக்கொண்டேன், அவர் அள்ளிப் போட்டார். மண் கனமாக இருந்தது. இதில் எவ்வளவு அம்மா, எவ்வளவு மண் என்று யோசித்தேன். யோசித்த பிறகு சாக்கை இன்னும் மெதுவாகத் தரையில் வைத்தேன்.

ஏழு பை முடிந்தது. எட்டாவதைச் சாய்க்கப் போனபோது என் கையைப் பிடித்தார்.

“இது ஒன்ன மட்டும் உட்ரு சாமி.”

“பொழைக்காதுங்கப்பா.”

“தெரியும். உட்ரு.”

விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாற்றி வைத்ததில் இரண்டு போய்விட்டன. ஐந்தில் கொழுந்து வருகிறது. சரியான பச்சை. அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

புரட்டாசி அமாவாசை. விடியும்போதே பவானிக் கூடுதுறை போய்விட்டோம். திருவிழாக் கூட்டம். அண்ணன் வேனில் ஏறும்போதே, “இந்தச் சாக்கெல்லாம் எதுக்கு?” என்று கேட்டான். “அம்மா செடி மண்ணு. ஆத்துல உடறதுன்னு நேர்ந்திருக்கறோம்” என்றேன். அவன் தலையாட்டினான். ஊரைவிட்டுப் போனவர்களிடம் இது ஒரு வசதி. எது வழக்கம், எது இல்லை என்று அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது.

ஐயர் மந்திரம் சொன்னார். அண்ணன் பானையைத் தோளில் வைத்து இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான், திரும்பிப் பார்க்காமல் விட்டான். கரை ஏறியதும் என் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். பானை லேசாக இருந்ததை அவன் கவனிக்கவில்லை. அவனுக்குத் தெரியவே வேண்டாம்.

பிறகு அப்பா கூட்டம் குறைவான கடைசிப் படித்துறைக்குச் சாக்குகளைக் கொண்டுவரச் சொன்னார். நானும் அண்ணனும் தூக்கிப் போனோம். படியில் உட்கார்ந்து, சாக்கின் வாயைப் பிரித்து, மண்ணைக் கை கையாக அள்ளி ஆற்றில் விட்டார். தண்ணீர் செந்நிறமாகக் கலங்கி, பிறகு தெளிந்தது.

திடீரென்று அவர் குரல் கிளம்பியது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டில் கேட்ட குரல், கொஞ்சமும் குறையாமல்.

“பவானி... பவானி. ஏறியாச்சா? அடுத்தது ஈரோடு!”

படித்துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் பதறி, “அப்பா!” என்றான். நான் அவன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“ஈரோடு! ஊட்டத் திரும்பிப் பாக்காத மயிலு, உக்காந்துக்க. கொடுமுடி... கொடுமுடி. கரூர் போறவங்க எறங்கி மாறிக்கங்க, நீ எறங்காத. மாயனூர்... குளித்தலை...”

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கை மண். நான் அடுத்த சாக்கைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

“திருச்சி!” என்றார். கை நின்றுவிட்டது. சாக்கில் இன்னும் மண் இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு திகில்.

“சாமி, நம்ம வண்டி திருச்சியோட சரி. அதுக்கப்பால எனக்கு ரூட் தெரியாது.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கை மண்ணை நானே அள்ளினேன்.

“கல்லணை” என்றேன். “திருவையாறு. கும்பகோணம். மாயவரம்.” ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கை விட்டேன். “பூம்புகார். அதுதாங்கப்பா கடைசி. அங்கிருந்து பாத்தாக் கடல் தெரியும்.”

“கேட்டுக்கிட்டயா மயிலு? பூம்புகார். கடைசி ஸ்டாப்பு. தூங்கிப் போயிராத.”

சாக்கை உதறினார். சட்டைப் பையிலிருந்து பழைய விசிலை எடுத்தார். அதை எப்போது எடுத்து வைத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு தடவை ஊதினார். கண்டக்டர் இரண்டு விசில் ஊதினால் வண்டி கிளம்பலாம் என்று அர்த்தம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அண்ணன் கிளம்பிவிட்டான். ஐந்து செடியிலும் பூ. முதல் பிஞ்சு கோலிக்குண்டு அளவு இருக்கிறது.

எட்டாவது பையைத் தொடவில்லை. காலையில் அப்பா அம்மாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்து, அதற்கு மட்டும் தன் கையால் தண்ணீர் ஊற்றினார். ஏதோ பேசினார். நான் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டேன். அந்தச் செடி உச்சி வரை மஞ்சளாகத்தான் இருக்கிறது. அதற்கு இனி வைத்தியம் பார்ப்பதாக இல்லை.